எலுமிச்சைத் துளிருக்கு எதை வாங்கலாம்? சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்துகள், ஒரு மதிப்பீடு

"அண்ணாச்சி, எலுமிச்சைல இலை சுருளுது, என்ன அடிக்கலாம்?"

மழை பெய்து பத்து நாள் கழித்துப் புளியங்குடி, கடையம், சங்கரன்கோவில் பக்கத்து உரக்கடைகளில் போய் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது. பதிலுக்கு அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் இறங்கும். இலை ஏன் சுருண்டது, எந்தப் பூச்சி, துளிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்ற பேச்சே வராது. பாதிப் பணம் அங்கேயே வீணாகிறது. அலமாரியில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை நல்ல பொருள்கள்தான். தப்பான பூச்சிக்கு, தப்பான நேரத்தில், இலையின் மேல்பக்கம் மட்டும் நனையும்படி அடிப்பதால்தான் அவை கெட்ட பேர் வாங்குகின்றன.

இங்கே கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. ஒரே சரக்கு பத்துப் பெயரில் வருகிறது. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தில் மூலப்பொருளின் பெயரையும் சதவீதத்தையும் படித்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். கணக்குக்கு ஒரு அளவை வைத்துக்கொள்வோம்: 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் நட்ட தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 110 மரம் நிற்கும். வளர்ந்த மரம் ஒன்றை உள்கிளை, இலையடி எல்லாம் நனைய அடிக்க 6 லிட்டர் கரைசல் வேண்டும். ஆக ஏக்கருக்கு 660 லிட்டர். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் துளிரைப் பறித்துப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு துளிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கணுவிலும் மடிந்த குருத்திலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் தட்டையான குட்டிப் பூச்சிகள், அவற்றின் பின்புறத்திலிருந்து வெள்ளை மெழுகு நூல் சுருள் சுருளாக வந்து தொங்கினால் அது சைல்லா. அதன் தாய்ப்பூச்சி 3, 4 மில்லிமீட்டர் நீளம், பழுப்புநிறப் புள்ளிகளோடு இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, இலையில் சாய்வாகக் குத்தி வைத்த முள் மாதிரி உட்கார்ந்திருக்கும். வேறெந்தப் பூச்சியும் எலுமிச்சை இலையில் இப்படி உட்காராது. இலையை மஞ்சளாக்கி மரத்தையே கெடுக்கும் பசுமை நோயைப் பரப்புவது இதுதான் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதல் கவனம் தர வேண்டும்.

கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ கூட்டமாக மொய்த்து, இலை பின்பக்கமாகக் கிண்ணம் போல வளைந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் அசுவினி. மரத்தை நலிய வைக்கும் ட்ரிஸ்டிசா வைரஸைச் சுமப்பது இந்தக் கூட்டத்தில் ஒரு வகை. முற்றிய இலையின் அடியில் கருப்பு மணிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளை விளிம்பு, பக்கத்தில் முட்டைகள் சுருள் வட்டமாக அடுக்கியிருந்தால் கருப்பு ஈ. பஞ்சுபோல் காம்பிலும் காய் ஒட்டுமிடத்திலும் இருந்தால் மாவுப்பூச்சி. தண்டிலும் காயிலும் சிப்பி ஒட்டியதுபோல் இருந்தால் செதில் பூச்சி.

இலைக்குள் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடு ஓடினால் அது சாறு உறிஞ்சியே இல்லை, இலைத்துளைப்பான் புழு. இலைத்தோலுக்கு உள்ளே இருக்கும் அதற்குச் சோப்புக் கரைசல் அடித்துப் பயனில்லை. "சோப் அடிச்சேன், கேட்கவே இல்லை" என்ற புகாரில் பாதி இதனால்தான் வருகிறது.

சைல்லா இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி, காசில்லாதது. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, குச்சியால் கிளையை மூன்று தட்டு தட்டுங்கள். தாளில் விழுந்து துள்ளும் பூச்சிகளை எண்ணுங்கள். தோட்டத்தின் ஓரத்து மரங்களில் இதை அதிகம் செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் சைல்லா முதலில் இறங்குவது வரப்போர மரங்களில்தான். பக்கத்தில் கறிவேப்பிலை நின்றால் அதையும் தட்டிப் பாருங்கள். அது சைல்லாவுக்குப் பிடித்த வீடு.

வேப்பெண்ணெயும் வேம்பு மருந்தும்

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குவதுதான் அலமாரியின் முன்னால் நடக்கும் பெரிய தவறு.

செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் பூச்சியின் உடலை மூடி மூச்சை அடைக்கும், துளிரைக் கசப்பாக்கி முட்டையிடவிடாமல் செய்யும். 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. நமது கணக்குப்படி ஏக்கருக்கு 20 லிட்டர் எண்ணெய் வேண்டும்! புத்தகத்தில் 3 சதவீதம் என்று படித்துவிட்டு 5 லிட்டர் கேனோடு தோட்டத்துக்குப் போகிறவர் பாதி மரத்துக்கு வருமுன்பே தண்ணீரைக் கூட்டிவிடுவார். அதனால் செக்கு எண்ணெயைப் பாதிப்புள்ள மரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் விற்கும் வேம்பு மருந்தில் முக்கியம் அசாடிராக்டின் அளவு. வேம்பில் பூச்சியைத் தடுக்கும் சத்து அதுதான். 1500 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம், 10000 பி.பி.எம். என்றால் 10 கிராம். முன்னதை லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லியும் பின்னதை 2 மில்லியும் கலப்பது வழக்கம். ஏக்கருக்கு முன்னது 3.3 லிட்டர், பின்னது 1.3 லிட்டர் ஆகும். விலையை இந்த அளவோடு பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாட்டில் விலை குறைவாக இருப்பது ஏக்கருக்குச் செலவு குறைவு என்பதற்கு அடையாளமில்லை.

அசாடிராக்டின் அடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் பூச்சி அப்படியே உட்கார்ந்திருக்கும். மருந்து டூப்ளிகேட் என்று பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். அது உடனே கொல்லும் மருந்து கிடையாது. குட்டிகள் தோலுரிக்க முடியாமல் சாகும், தின்பதை நிறுத்தும். ஏழாம் நாள் பார்த்தால்தான் பலன் தெரியும். இறக்கை முளைத்த தாய்ப்பூச்சிக்கு இது போதாது. வெயிலில் சீக்கிரம் சிதைவதால் மாலை நாலு மணிக்கு மேல் அடிக்க வேண்டும். எங்கள் மதிப்பீட்டில், துளிர் விரல்நுனி அளவு இருக்கும்போது அடித்தால் அலமாரியிலேயே இதற்கு இணை இல்லை. இலை விரிந்து முற்றிய பிறகு அடித்தால் காசுக்குக் கேடு.

கலக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். செக்கு எண்ணெய்க்குச் சோப் கட்டாயம். முதலில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் காதி சோப்பைச் சீவி, கொஞ்சம் வெந்நீரில் கரையுங்கள். அந்தச் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, பால் மாதிரி வெள்ளையாகும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகு மீதித் தண்ணீர். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிவிட்டு மேலே சோப் போட்டால் சேராது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே மஞ்சளாக எண்ணெய் வளையம் கட்டினால் சோப் போதவில்லை. அந்த வளையம்தான் டேங்கில் கடைசியாக மிச்சமாகி, கடைசி இரண்டு மரத்தின் இலையைக் கருக்கும்.

போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் சோப் திரிந்து தயிர் மாதிரி மிதக்கும். அப்போது அதிகச் சோப் போட்டுச் சமாளிப்பதைவிட ஓடைத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வைப்பது மேல். காரத் தண்ணீரில் அசாடிராக்டினும் நீடிக்காது. அதற்காக எலுமிச்சைச் சாறு பிழிந்து காரத்தைக் குறைக்கிறவர்கள் உண்டு. கடை மருந்தைத் தனியாகக் கலக்கும்போது இது சரி. சோப் சேர்த்த கலவையில் புளிப்பு பட்டால் சோப் உடைந்து எண்ணெய் தனியாகப் பிரியும். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது. எதுவானாலும் கலக்கிய அன்றே அடித்து முடித்துவிட வேண்டும்.

உழைப்புக்கு ஆள் இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் இன்றும் தோற்காத சரக்கு. தோல் நீக்கிய பருப்பு 5 கிலோ, இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் இரண்டு முறை வடித்து, 100 லிட்டராக்கி, சோப் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். கொட்டை பூசணம் பிடிக்காமல் நிழலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். வடிப்பதில் சோம்பல்பட்டால் நாசில் அடைத்து அன்றைய வேலையே போய்விடும்.

மீன் எண்ணெய் ரோசின் சோப்

பாக்கெட்டைத் திறந்ததும் வரும் வாடையில் பாதிப் பேர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டிய பொருளே இல்லை. மாவுப்பூச்சிக்கும் இளம் செதில் பூச்சிக்கும் அலமாரியில் நாம் முதலில் கை நீட்ட வேண்டியது இதற்குத்தான். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையைத் தண்ணீர் மருந்து ஊடுருவாது, உருண்டு ஓடிவிடும். இந்தச் சோப் போர்வையை நனைத்துக் கரைத்து உடலில் ஒட்டுகிறது.

அளவு லிட்டருக்கு 25 கிராம். கெட்டிக் களிம்பாக வருவதால் நேரடியாக டேங்கில் போட்டால் அடியில் கட்டியாகக் கிடக்கும். வாளியில் வெந்நீர் விட்டுக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பிறகு ஊற்றுங்கள். தோட்டம் முழுக்க அடித்தால் ஏக்கருக்கு 16 கிலோவுக்கு மேல் போகும். அவ்வளவு தேவையே வராது. மாவுப்பூச்சி எல்லா மரத்திலும் ஒரே சமயத்தில் வராது; பத்து மரத்தில் வரும். அந்த மரங்களுக்குத் துணிக்கயிறு கட்டி அடையாளம் வைத்து, அவற்றை மட்டும் குளிப்பாட்டுவது போல அடிக்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்வரைதான் இதற்கு வேலை. காய்ந்த பிறகு சக்தி கிடையாது. முட்டைப்பையில் இருக்கும் முட்டை தப்பிக்கும், குட்டி பொரிந்து வெளியே வரும். அதனால் எட்டாம் நாளோ பத்தாம் நாளோ இரண்டாவது முறை அடிப்பது கட்டாயம். ஒரு முறையோடு நிறுத்துகிறவர்தான் "மூணு வாரத்துல திரும்ப வந்திருச்சு" என்பார்.

இரண்டு எச்சரிக்கை. உச்சி வெயிலில் அடித்தால் துளிர் நுனி கருகும். அடுத்தது தாமிரம். எலுமிச்சைக்காரர்கள் சொறி நோய்க்குப் போர்டோ கலவையோ காப்பர் ஆக்சி குளோரைடோ அடிக்காமல் இருக்க முடியாது. அந்த டேங்கில் இந்தச் சோப்பைச் சேர்த்துவிட்டால் திரிந்து போகும், இலையும் பொசுங்கும். வேலை மிச்சம் என்று நினைத்து ஒரே டேங்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

செதில் பூச்சிக்கு அடித்தவர்கள் பலனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செத்த செதிலும் வாரக்கணக்கில் தண்டில் ஒட்டியபடியே இருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நசுங்கிச் சாறு வந்தால் உயிரோடு இருக்கிறது. உமி மாதிரி உதிர்ந்தால் செத்தது. இருபது செதிலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலைப் பற்றி யோசியுங்கள்.

கரும்பூசணத்துக்கு மைதா

கடை மருந்தே வேண்டாத ஓர் இடம் உண்டு. அசுவினியும் கருப்பு ஈயும் மாவுப்பூச்சியும் கழிக்கும் தேன்பாகில் கரும்பூசணம் படிந்து, இலை கரி பூசியது மாதிரி ஆகிவிடும். இதைப் பார்த்துப் பூஞ்சாண மருந்து வாங்குகிறார்கள். வாங்க வேண்டாம். 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி அடியுங்கள். காய்ந்ததும் கஞ்சி அப்பளமாக உரியும், கரியும் கூடவே உரிந்து விழும். நல்ல வெயில் நாளாக இருக்க வேண்டும். மேகமூட்டத்தில் அடித்தால் கஞ்சியிலேயே பூசணம் பிடிக்கும். இது கறையைத்தான் போக்கும், பூச்சியைப் போக்காது. பூச்சியை ஒழித்துவிட்டு, பிறகு கஞ்சி.

மினரல் ஆயில்

தோட்டக்கலைக்கென்று சுத்திகரித்த எண்ணெய் இது. கருப்பு ஈ, வெள்ளை ஈ, செதில் மூன்றுக்கும் நன்றாகக் கேட்கும். முட்டையையும் மூடி அடைக்கும், அது இதன் தனிச்சிறப்பு. லிட்டருக்கு 10 மில்லி போதும், ஏக்கருக்கு 6.6 லிட்டர். பூச்சிக்கு இதை எதிர்த்து நிற்கும் சக்தி வளர்வதில்லை, ஏனென்றால் இது விஷமாக வேலை செய்வதில்லை.

ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இதோடு பழகத் தெரிய வேண்டும். தண்ணீர் பாய்ச்சாமல் வாடி நிற்கும் மரத்துக்கு அடித்தால் இலை கொட்டும். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சி, காலை ஏழு மணிக்குள் ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சிலந்திப் பேனுக்குக் கந்தகம் அடித்திருந்தால் மூன்று நான்கு வாரம் கழியும்வரை இந்த எண்ணெயைத் தொடாதீர்கள். சித்திரை, வைகாசியில் வாங்குவதாக இருந்தால் எங்கள் பதில்: வேண்டாம். கார்த்திகை, மார்கழிக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டிக்குப் போடும் ஆயிலைக் கலந்து அடிப்பதும் சில இடங்களில் நடக்கிறது. மரம் போய்விடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெர்டிசீலியம்

பூச்சியைத் தாக்கும் பூஞ்சாணம், டால்க் பொடியாகவும் திரவமாகவும் வருகிறது. கிராமுக்கு 10 கோடி வித்து என்று எழுதியிருக்கும் பொடியை லிட்டருக்கு 5 கிராம் கலக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெள்ளை ஈ, கருப்பு ஈ, அசுவினி எல்லாவற்றிலும் அருமையாகப் பிடிக்கும். பங்குனிக் காற்றில் அதே பொடி வெறும் மாவுதான். வித்து முளைக்கக் காற்றில் ஈரம் வேண்டும். சாயங்காலம் அடித்து, இரவுப் பனியில் இலை நனைந்தே இருந்தால்தான் அது பூச்சியின் உடலுக்குள் இறங்கும்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது, தேதி தாண்டாவிட்டாலும். சந்தேகமாக இருந்தால் சின்னச் சோதனை ஒன்று: பூச்சியுள்ள இரண்டு இலைக்கு மட்டும் அடித்து, ஈரத் துணி விரித்த டிபன் டப்பாவில் மூடி வையுங்கள். ஒரு வாரத்தில் பூச்சிகளைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் பொடி நல்ல பொடி. தாமிரமோ வேறு பூஞ்சாண மருந்தோ அடித்து இரண்டு வாரமாவது ஆகாமல் இதை அடிப்பது விதையை நெருப்பில் தூவுவதுதான். சொறி நோய்க்கு அடிக்கடி தாமிரம் அடிக்கும் தோட்டமாக இருந்தால் இதில் பணம் போட வேண்டாம்.

மஞ்சள் ஒட்டுப்பொறி

ஏக்கருக்குப் பத்து அட்டை, துளிர் வரும் உயரத்தில், மரத்தின் வெளிச்சுற்றில். பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள உதவும். பூச்சியை ஒழிக்க உதவாது. நூறு அட்டை தொங்கவிட்டால் சைல்லாவோடு, பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டிச் சாகும். செம்மண் புழுதி பறக்கும் இடத்தில் பத்து நாளில் பசை செத்துவிடும். அவ்வளவுதான்.

இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் வகை

இந்த ரசாயனப் பூச்சிக்கொல்லிகள் வேலை செய்யுமா என்றால் செய்யும். சைல்லா தாய்ப்பூச்சியையே வீழ்த்தும். பசுமை நோய் உள்ள வட்டாரத்தில், துளிர் வெடிக்கும் நேரத்தில், தாளில் தட்டும்போது பொலபொலவென்று விழுகிறது என்றால் இதைத் தவிர்க்கவும் முடியாது.

ஆனால் கடையில் முதல் பாட்டிலாக இறங்குவதும் இதுதான், அங்கேதான் எங்களுக்கு வருத்தம். எலுமிச்சை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை காய் பொறுக்கும் பயிர். லேபிளில் காத்திருக்க வேண்டிய நாள் பதினைந்து என்று போட்டிருந்தால் இரண்டு வாரம் காய் எடுக்காமல் இருக்க வேண்டும். விலை ஏறும் கோடையில் யார் இருக்கிறார்கள்? சாறு பிழிந்து குடிக்கிறார்கள், தோலோடு ஊறுகாய் போடுகிறார்கள். காய் எடுக்கும் காலத்தில் அடிக்க வேண்டிய மருந்தே இல்லை இது. பூ இருக்கும்போதும் கூடாது. தேனீ பூவுக்கு வந்தால்தான் காய் பிடிப்பு கூடும், இந்த வகை தேனீக்கு நேரடி விஷம்.

திரும்பத் திரும்ப ஒரே வகையை அடித்தால் பூச்சி பழகிவிடும். இமிடாகுளோபிரிட் கேட்கவில்லை என்று தயாமீதாக்சம் வாங்குவது மாற்று ஆகாது. இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியின் உடலில் ஒரே இடத்தில்தான் தாக்குகின்றன. பின்பக்கத்தில் உள்ள குழு எண்ணைப் பார்த்து வேறு குழுவுக்கு மாறுங்கள். லேபிளில் எலுமிச்சை வகை என்று இருக்கிறதா, எந்தப் பூச்சிக்கு என்று பாருங்கள். அளவை அதில் உள்ளபடியே வையுங்கள்.

இந்த மருந்து அடித்த தோட்டத்தில் இரண்டு மாதம் கழித்துச் செதில் பூச்சி பெருகுவது புதிய கதையும் இல்லை. 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சின்னப் பொறிவண்டைக் கொண்டுபோய்க் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதிலிலிருந்து காப்பாற்றினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த அந்தச் செதில், 1940களில் டி.டி.டி. தெளித்ததும் திரும்பப் பெருகியது. வண்டு செத்ததுதான் காரணம்.

பொறிவண்டு

மாவுப்பூச்சிக்கு விற்கும் பொறிவண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான், 1898இல் இந்தியாவுக்கு வந்தது. கிரிப்டோலேமஸ் என்று கேட்டால் உயிரியல் கட்டுப்பாட்டுக் கூடங்களில் கிடைக்கும். மரத்துக்கு 10 வண்டு, மாவுப்பூச்சி நன்றாக இருக்கும் மரத்தில், மாலையில் விட வேண்டும். மாவுப்பூச்சி இல்லாத மரத்தில் விட்டால் பறந்து போய்விடும்.

வாங்கி விட்டவர்களே இதைக் கொல்வதுதான் வேதனை. இந்த வண்டின் புழு வெள்ளை மெழுகு முடியோடு, பார்க்க அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். "வண்டு விட்டும் மாவுப்பூச்சி கூடிருச்சு, அதுவும் பெருசு பெருசா" என்று மருந்து அடித்துவிடுகிறார்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசைய மனமில்லாமல் கிடக்கும். புழு விறுவிறுவென்று ஓடும், மாவுப்பூச்சியைவிடப் பெரிதாகவும் இருக்கும். அதே போல இலையில் மயிரிழைக் காம்பில் முத்து வைத்தது போல் நிற்பவை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அவற்றையும் தொடாதீர்கள்.

எறும்பு இருக்கும் மரத்தில் எந்த வண்டும் நிலைக்காது. தேன்பாகுக்காக எறும்பு அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல் காக்கும், வண்டைக் கடித்து விரட்டும். தரையைத் தொடும் கிளைகளை இரண்டு மூன்று அடி உயரம்வரை கழித்துவிட்டு, அடிமரத்தில் பாலித்தீன் தாளைச் சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை வெந்துவிடும். தாளுக்கும் பட்டைக்கும் இடையே சந்து இருந்தால் எறும்பு அதிலேயே பாதை போடும், களிமண்ணை வைத்து அடையுங்கள். ஊன்றுகோல் கொடுத்திருந்தால் கோலுக்கும் பசை வேண்டும். ஒரு மரத்துக்கு ஆகும் செலவு ஒரு டீச் செலவைத் தாண்டாது, பலனோ மருந்துக்கு மேல்.

நாசில்

அலமாரியில் யாரும் கேட்காத சாமான் இது, எங்கள் கணக்கில் முதல் மதிப்பெண் இதற்கே. இதுவரை சொன்ன பூச்சிகளில் பெரும்பாலானவை இலையடியிலும் குருத்துக்குள்ளும் இருப்பவை. பேட்டரி தெளிப்பானோடு வரும் பிளாஸ்டிக் நாசில் பெரிய துளியாக அடித்து, மேல் இலையை நனைத்து, தரைக்கு ஒழுகும். வெற்றுக்கூம்பாக மூடுபனி போல் அடிக்கும் பித்தளை நாசில் ஒன்றும், மேல்நோக்கித் திருப்ப முடிகிற வளைகுழாய் ஒன்றும் வாங்குங்கள். மரத்துக்கு அடியில் குனிந்து, கீழிருந்து மேலாகவும், உள்ளிருந்து வெளியாகவும் அடிக்க வேண்டும். பன்னிரண்டு அடி தாண்டிய மரத்துக்கு முதுகுத் தெளிப்பான் எட்டாது. உச்சித் துளிரில்தான் சைல்லா முட்டையிடும் என்பதால் அங்கே விசைத்தெளிப்பானும் நீளக் குழாயும் தேவை.

சரியாக அடிக்கிறீர்களா என்று பார்க்க, செய்தித்தாள் துண்டுகளை உள்கிளை இலைகளின் அடிப்பக்கத்தில் ஊசியால் குத்தி வைத்துவிட்டு, வெறும் தண்ணீரை அடியுங்கள். துண்டு நனையவில்லை என்றால் எந்த மருந்தும் அங்கே போகப்போவதில்லை. இரண்டு பருவம் அடித்த நாசிலின் துளை தேய்ந்து அகன்றுவிடும். ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி வருகிறது என்று புதிதாக வாங்கிய அன்றே அளந்து எழுதி வைத்து, அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினால் மாற்றுங்கள்.

எப்போது அடிப்பது

சைல்லா முட்டையிடுவது புதுத் துளிரில் மட்டும். முற்றிய இலையில் குட்டி பிழைக்காது. ஆக மாதம் ஒரு தடவை என்று காலண்டரைப் பார்த்து அடிப்பதில் பொருளில்லை. மழைக்குப் பிறகு, கவாத்துக்குப் பிறகு, உரம் வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு துளிர் வரும். அப்போது பத்து மரத்தில் நாலு திசைத் துளிரையும் பாருங்கள். துளிர் ஒரு விரற்கடை நீளம் வரும்போது முதல் தெளிப்பு வேம்பு, பத்து நாள் கழித்து இரண்டாவது. தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து வைத்தால் துளிர் ஓயாமல் வந்துகொண்டிருக்காது, பூச்சிக்கும் ஓயாத விருந்து கிடைக்காது.

வீட்டில் ஒன்றிரண்டு மரம், மாடியில் தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள் இந்தச் சரக்கில் பெரும்பாலானதை வாங்கவே வேண்டாம். அசுவினிக்குக் குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சினாலே போதும், மூன்று நாளைக்கு ஒரு தடவை. மாவுப்பூச்சிக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கண்ணளவாக ஊற்றாதீர்கள், துளிர் பொசுங்கும். லிட்டருக்கு 5 கிராம் காதி சோப் போதும்.

புதிதாகக் கன்று வாங்கப் போகிறவர்கள் மருந்துக் கடைக்கு முன்னால் கவனிக்க வேண்டிய கடை நாற்றங்கால்தான். பசுமை நோய் வந்த மரத்துக்கு மருந்து இல்லை. இலையில் மஞ்சள் திட்டு நடுநரம்பின் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி இருந்தால் அந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். துத்தநாகக் குறைவால் வரும் மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கன்றைக் கையில் எடுத்து, துளிரை விரித்து, இலையடியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மெழுகு நூல் தெரிந்தாலும் அந்தக் கன்றையும் அதே பாத்தியில் உள்ள மற்ற கன்றுகளையும் விட்டுவிட்டு வாருங்கள், பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும்.